எலிகளில் பலித்த ஆன்டிஆக்ஸிடன்ட் சிகிச்சையை வீட்டில் செய்து பார்க்கலாமா?

கேள்வி: விபத்தில் கால் முறிந்த என் தம்பி, வலிக்காகத் தொடங்கிய ட்ரமடால் மாத்திரையை இப்போது விட முடியாமல் தவிக்கிறான். வைட்டமின் சி, என்-அசிட்டைல்சிஸ்டீன் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் (செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காப்பவை) எலிகளில் இந்த அடிமைத்தனத்தைக் குறைத்ததாகப் படித்தேன். அவற்றைக் கொடுத்து மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

பதில்: ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். நீங்கள் படித்தது பொய்யல்ல என்றாலும், அந்த ஆய்வுகள் விடை தேடிய கேள்வி வேறு.

ட்ரமடாலைப் போலவே ஓபியாய்டு (அபின்) வகையைச் சேர்ந்த மார்ஃபின் தொடர்ந்து செலுத்தப்படும்போது நரம்புச் செல்களில் சூப்பர்ஆக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு என்ற வேதிப்பொருள்கள் பெருகி, இரண்டும் சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் என்ற கடுமையான வேதிப்பொருளாகின்றன. சூப்பர்ஆக்சைடை அழிக்கும் நொதியையே அது முடக்கிவிடுவதால், சேதம் மேலும் வளர்கிறது. மருந்தியலாளர் டானியேலா சால்வெமினி குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பொருளை அகற்றும் மருந்துகளை மார்ஃபினோடு சேர்த்துக் கொடுத்தபோது, சுண்டெலிகளில் மார்ஃபினின் வலிநிவாரணத் திறன் மங்காமல் நின்றது. ‘சேர்த்துக் கொடுத்தபோது’ என்பதே இங்கு முக்கியம்; அங்கே நடந்தது வருமுன் காத்தல், உங்கள் தம்பியோ பழக்கம் வேரூன்றிய பின் நிற்கிறார்.

அளக்கும் முறையையும் கவனியுங்கள். மார்ஃபினுக்குப் பழக்கிய சுண்டெலிக்கு மார்ஃபினின் செயலைத் தடுக்கும் நாலோக்சோன் ஊசி போட்டால் அது துள்ளிக் குதிக்கத் தொடங்கும். துள்ளல்களின் எண்ணிக்கை குறைந்தால் உடல்சார்ந்த விலகல் அறிகுறிகள் (மருந்து நின்றதும் வரும் உபாதைகள்) தணிந்தன என்று கொள்கிறார்கள். பல மாதங்களுக்குப் பின்னும் மனிதரை மாத்திரையின் பக்கம் இழுக்கும் ஏக்கத்தை அந்தத் துள்ளல் காட்டாது. ஏக்கத்துக்குச் சற்று அருகில் வருவது, நெம்புகோலை அழுத்தித் தானே ஹெராயின் பெறப் பழகிய எலிகளில் செய்த சோதனைதான். சூவும் காலிவாஸும் 2008-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், என்-அசிட்டைல்சிஸ்டீன் பெற்ற எலிகளின் ஹெராயின் தேடல் குறைந்தது. ஆயினும் அங்கே மூளையில் செய்தி கடத்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளின் சமநிலையைச் சீராக்கியதே காரணம் என்று விளக்கப்பட்டது. ஆன்டிஆக்ஸிடன்ட் எதைக் கொடுத்தாலும் அதே பலன் வரும் என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது.

எனக்குப் பெரிதும் அச்சமூட்டுவது இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளல்ல, அவை தரும் துணிச்சல். ட்ரமடாலைச் சில வாரங்கள் நிறுத்தியிருந்தால் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். அதன் பிறகு பழைய அளவையே மீண்டும் விழுங்கினால் மூச்சு அடங்கி உயிர் போகலாம். ட்ரமடாலைப் பொறுத்தவரை அதிக அளவில் வலிப்பும் வரும் என்பதால், விலகல் அறிகுறிகளைத் தாங்க முடியாமல் கூடுதலாக விழுங்குவது இரட்டை ஆபத்து.

தம்பியை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார், தேவையெனில் விலகல் அறிகுறிகளையும் ஏக்கத்தையும் தணிக்கும் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தைத் தொடங்குவார். மனிதர்களிடம் நன்கு சோதிக்கப்பட்ட வழி இதுதான். எங்கே போவது என்று தெரியாவிட்டால், 14446 என்ற தேசியப் போதை மீட்பு இலவச உதவி எண்ணை அழைக்கலாம். கால் வலி இன்னும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் வலிக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் மாத்திரையை மட்டும் குறைப்பது நிலைக்காது.

வைட்டமின் சி உணவின் வழியே கிடைக்கட்டும். பெரிய அளவில் மாத்திரையாக எடுத்தால் சிறுநீரகக் கல் உண்டாகலாம். என்-அசிட்டைல்சிஸ்டீன் சளியை இளக்கும் மருந்தாகக் கடைகளில் கிடைத்தாலும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிறுக்கத்தை உண்டாக்கலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.