போட்டிக்கடை உங்கள் வெப்சைட்டைக் காப்பியடித்தால்: மும்பை வாசகர்களுக்குப் பதில்கள்

ராத்திரி கடை சாத்திய பிறகு உட்கார்ந்து எழுதிய வரிகளையும், பார்த்துப் பார்த்து எடுத்த படங்களையும் இன்னொருவர் அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டால் கோபம் வரத்தான் செய்யும். இந்த முறை வந்த கேள்விகள் பலவற்றில் அந்தக் கோபம்தான் இருக்கிறது. நியாயமான கோபம். ஆனால் காரியம் நடப்பது ஆதாரத்தால்.

தாராவியில் தோல் பை செய்து விற்கிறோம். இன்னொரு கடைக்காரர் எங்கள் படங்கள், விவரங்கள் எல்லாவற்றையும் தன் வெப்சைட்டில் போட்டிருக்கிறார். போன் போட்டுக் கேட்டுவிடலாமா?

இப்போது வேண்டாம். நீங்கள் கேட்ட கையோடு அவர் பக்கத்தை மாற்றிவிட்டால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. முதலில் அவருடைய ஒவ்வொரு பக்கத்தையும் முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் வேபேக் மெஷின் என்ற, வெப் பக்கங்களை அன்றிருந்தபடியே சேமித்து வைக்கும் தளத்தில் அதே முகவரிகளைக் கொடுத்துச் சேமியுங்கள். சம்பந்தமில்லாத மூன்றாவது இடத்தில் தேதியோடு பதிவாகிவிடும். உங்கள் பக்கத்தின் பழைய பதிவும் அங்கே இருந்தால், யார் முந்தி என்ற பேச்சே எழாது. கேமராவிலோ போனிலோ எடுத்த மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பிய படத்தில் எடுத்த நாள் போன்ற உள்விவரங்கள் போய்விடும். மூலப் படத்தில் அவை அப்படியே இருக்கும்.

“நாங்கள் எதையும் ரெஜிஸ்டர் செய்யவில்லையே” என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவானதுமே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. பதிந்து வைத்தால் நிரூபிப்பது சுலபம், அவ்வளவுதான்.

அடுத்து, அவருடைய வெப்சைட்டைத் தாங்கும் ஹோஸ்டிங் கம்பெனி எது என்று கண்டுபிடித்து எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் பக்க முகவரி, அவர் பக்க முகவரி இரண்டையும் வரிக்கு வரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இந்திய விதிகளின்படி, புகாரில் நியாயம் இருப்பதாகத் தெரிந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்தை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் கோர்ட் உத்தரவு வாங்கிக் கொடுக்காவிட்டால், அவர்கள் அதைத் திரும்பத் திறந்துவிடலாம். அதனால் புகார் கொடுக்கும் முன்பே ஒரு வக்கீலைப் பார்த்து வைப்பது நல்லது. அமெரிக்கக் கம்பெனி என்றால் டிஎம்சிஏ என்ற அவர்கள் நாட்டு 1998 சட்டத்தின்படி புகார் போகும். கூகுளுக்கும் தனியாக எழுதுங்கள். தேடலில் அந்தப் பக்கம் வராமல் செய்வார்கள், பக்கம் மட்டும் அங்கேயே இருக்கும். இதையெல்லாம் செய்த பிறகு போன் போடலாம்.

ரைட் கிளிக்கை முடக்கிவிட்டால் திருட முடியாதாமே? (முலுண்ட்)

முடியும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ரைட் கிளிக் தேவையே இல்லை. உங்கள் வாடிக்கையாளர் போன் நம்பரைக் காப்பி செய்ய முடியாமல் தவிப்பதுதான் மிச்சம். அதற்குப் பதில் படத்தின் நடுவிலேயே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில், கடைப் பெயரை மெல்லிசாகப் போடுங்கள். உங்கள் படத்தை உங்கள் சர்வரிலிருந்தே இழுத்துக் காட்டுகிறார்கள் என்றால், ஹாட்லிங்க் தடுப்பைப் போட்டுத்தரச் சொல்லி ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள்.

செம்பூரில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். வெப்சைட் செய்து கொடுத்த தம்பி, அதே எழுத்தையும் அமைப்பையும் பக்கத்துத் தெரு சென்டருக்கும் விற்றுவிட்டார். காசு கொடுத்தது நான்தானே?

காசு கொடுத்தது நீங்கள்தான், ஆனால் அதனால் மட்டும் எல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதியது முதலாளிக்குச் சேரும். வெளியிலிருந்து ஒப்புக்கொண்டு செய்பவர் எழுதிய எழுத்தும், வெப்சைட்டை இயக்கும் கம்ப்யூட்டர் கோடும் (code), வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்கே. போட்டோவுக்கு விதிவிலக்கு உண்டு: பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, சொன்னவருக்குத்தான்.

சண்டைக்குப் போகாமல், உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது. அதில் காலத்தையும் இடத்தையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். காலம் எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். டொமைன், அதாவது உங்கள் வெப்சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் இன்றைக்கே பாருங்கள். அது தம்பியின் பெயரில் இருந்தால், காப்பியை விட அதுதான் பெரிய ஆபத்து.

மாதாமாதம் முறுக்கு, தட்டை பெட்டி அனுப்பும் திட்டம் என்னுடையது. பார்த்துவிட்டு இன்னொருவரும் ஆரம்பித்துவிட்டார். (டோம்பிவிலி)

வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. உங்கள் வரிகளையோ படங்களையோ எடுத்தால் மட்டும் கேளுங்கள்.

மாட்டுங்காவில் காபிப்பொடிக் கடை. எங்கள் பெயரோடு ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்து டாட் இன் டொமைன் வாங்கிவிட்டார்கள். ஆர்டர் அங்கே போகிறது.

இதில் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லியிருக்கிறது. பெயரைப் பதியாதவர்கூட, ஊரில் அந்தப் பெயருக்கு மதிப்பு இருப்பதைக் காட்டி வழக்குப் போடலாம். டாட் இன் தகராறுகளுக்கு ஐஎன்டிஆர்பி என்ற தனி நடுவர் முறையும் இருக்கிறது. பழைய பில்கள், பை மேல் அச்சடித்த பெயர், விளம்பரங்கள், வழி தவறிப் போன வாடிக்கையாளர்களின் மெசேஜ்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

அதோடு டிரேட்மார்க்குக்கும் விண்ணப்பியுங்கள். தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பதிவானால் 10 வருடம், அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். டிரேட்மார்க் அலுவலகம் ஆண்டாப் ஹில்லில்தான் இருக்கிறது, உங்கள் கடைக்கு ரொம்பப் பக்கம். விண்ணப்பிக்கும் முன் அவர்களுடைய இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். எதிராளி முந்தியிருந்தால் அந்த விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். அந்த விண்ணப்பம் டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் எதிர்ப்பைப் பதிய வேண்டும்.