ரக்பி ரக்கில் பந்தை விட முழங்காலைக் கவனியுங்கள்

ரக்பி ஆட்டத்தில் நடுவராக இருந்தபோது, ரக்கில், அதாவது தரையில் கிடக்கும் பந்தின் மேல் இரு அணியினரும் நின்று தள்ளும் இடத்தில், பந்தைப் பறிக்கக் குனிந்திருந்தவரை எதிரணி வீரர் பக்கவாட்டில் சுழற்றிச் சாய்த்ததைக் கண்டும் ஆட்டத்தைத் தொடரவிட்டது சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரியில்லை, பெனால்டி கொடுத்திருக்க வேண்டும். அந்த 'முதலைச் சுழற்றல்' 2024 ஜூலை 1 முதல் தடை. கால் தரையில் ஊன்றியிருக்க, உடல் திரும்பி, மேலே இன்னொருவர் எடையும் விழுந்தால் முழங்கால் தசைநார் கிழிந்துவிடும். 2021இல் லண்டனின் டுவிக்கனம் மைதானத்தில், இத்தாலிக்கு எதிராக ஆடிய இங்கிலாந்தின் ஜாக் வில்லிஸ் இப்படித்தான் முழங்கால் சிதைந்து கதறினார். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நேராகப் பின்னே தள்ளி அகற்றினால் தவறில்லை. டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) முடிந்ததும் பந்தை ஒரு கணம் மட்டும் பாருங்கள். அப்புறம் ஓடிவருபவரின் கைகளைப் பாருங்கள்: எதிராளியைக் கைகளால் பிணைக்காமல் தோளால் இடித்தாலும் பெனால்டிதான், தலையில் பலமாகப் பட்டால் அட்டையும் எடுங்கள்.