தைக்க முடியாத தோள் கிழிசலுக்குத் தசைநாண் மாற்று அறுவை: பலன் எத்தனை ஆண்டு நிற்கும்?

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது, கட்டட வேலை. சாரத்திலிருந்து விழுந்ததில் வலது தோளின் தசைநாண்கள் கிழிந்துவிட்டன. சுளுக்கு என்று நினைத்து ஓராண்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். இப்போது தைக்க முடியாது, முதுகுத் தசையின் நாணைத் தோளுக்கு மாற்றிப் பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். பலன் நிலைக்குமா?

பதில்: நான் பிசியோதெரபிஸ்ட். கத்தி பிடிப்பவன் அல்ல. அறுவை முடிந்தபின் அந்தத் தோளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவன். சுருக்கமாகக் கேட்டால், நிலைக்கும் என்பேன். ஆனால் அப்பாவின் தோள் அதற்கு ஏற்ற தோளாக இருக்க வேண்டும்.

தோள் மூட்டின் பந்தை அதன் ஆழமற்ற கிண்ணத்தில் பிடித்து வைத்திருப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள். மேலேயும் பின்னாலேயும் உள்ளவை அறுந்தால், தோளின் மேல் போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசை இழுக்கும்போது கை உயராமல் பந்துதான் மேலேறி எலும்பில் முட்டும். கிழிந்த நாணை உடனே கவனிக்காவிட்டால் தசை சுருங்கி, அதற்குள் கொழுப்பு படிந்துவிடும். அப்படிப்பட்ட நாணை இழுத்துத் தைத்தாலும் பிடிக்காது. அதனால்தான் முதுகில் விரிந்து கிடக்கும் லாட்டிசிமஸ் டார்சி தசையின் நுனியை மேற்கை எலும்பிலிருந்து எடுத்து, பந்தின் மேல்புறம் பின்பக்கமாகப் பொருத்துகிறார்கள். சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் கிறிஸ்டியன் கெர்பர் 1988-இல் இந்த முறையை வெளியிட்டார்.

நீண்டகாலக் கணக்கும் அவருடைய குழுவே தந்ததுதான். குறைந்தது பத்து ஆண்டு கடந்த 46 தோள்களைப் பரிசோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். சராசரியாக அறுவைக்குப் பின் 147 மாதங்கள். 'நல்ல தோள் 100 என்றால் உங்கள் தோளுக்கு எவ்வளவு தருவீர்கள்' என்று கேட்டபோது, முன்பு 29 சொன்னவர்கள் அப்போது 70 சொன்னார்கள். வலியே இல்லை என்றால் 15 மதிப்பெண். அது 7-லிருந்து 13-க்கு வந்திருந்தது. கையை முன்னால் தூக்குவது 118 டிகிரியிலிருந்து 132 ஆனது. தூக்கும் வலு 1.2 கிலோவிலிருந்து 2 கிலோ.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரிய லாபம் வலியில்தான். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறது என்பதைத்தான் என்னிடம் வருகிறவர்களும் முதலில் சொல்வார்கள். உயரமும் வலுவும் கூடியது மிதமாகத்தான். ஆகவே சிமென்ட் சட்டியைத் தலைக்கு மேல் ஏற்றும் வேலையை அப்பா மறந்துவிடுவது நல்லது. சட்டை மாட்ட, தலை வார, சாப்பிட என்றால் நம்பிக்கையோடு இறங்கலாம்.

சாப்பிடுவது சாதாரண விஷயமா என்று கேட்காதீர்கள். கையை வெளிப்புறம் திருப்பும் தசைகள் போனவர் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். கை வாயருகே வருவதற்குள் முழங்கை காது உயரத்துக்குப் போய்விடும். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரை இடிக்கும் என்றே விருந்துக்குப் போவதை நிறுத்தியவர்கள் உண்டு. அசைவுகளில் மாற்று அறுவை அதிகம் மீட்டுத் தருவது இந்த வெளிப்புறத் திருப்பத்தைத்தான். மேற்சொன்ன ஆய்வில் அது 18-லிருந்து 33 டிகிரி ஆனது.

யாருக்குச் சரிவராது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது: அந்த நான்கு தசைகளில் முன்பக்கத்து சப்ஸ்கேபுலாரிஸ் வேலை செய்யாதவர்களுக்கும், பின்னால் உள்ள டெரிஸ் மைனரில் கொழுப்பு படிந்தவர்களுக்கும். முதலாவதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அப்பாவை உள்ளங்கையை வயிற்றில் வைத்து, முழங்கை முன்னால் இருக்கும்படி அழுத்தச் சொல்லுங்கள். மணிக்கட்டு மடங்கி முழங்கை பின்னால் சரிந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். இரண்டாவதை எம்.ஆர்.ஐ. காட்டும். படத்தைத் தூக்கிக் காட்டிப் பேசும் மருத்துவரை நான் அதிகம் நம்புவேன்.

அறுவைக்குப் பின் சுமார் ஆறு வாரம் கையை உடலிலிருந்து விலக்கி வைக்கும் கட்டு போடுவார்கள். சாய்ந்தபடிதான் தூக்கம், வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் வரும் காலம் அது. பிறகு என் வேலை. மாற்றிப் பொருத்திய முதுகுத் தசைக்கு வாழ்நாளெல்லாம் தெரிந்தது கையைக் கீழே, உடலை நோக்கி இழுப்பது மட்டுமே. இப்போது கை உயரும்போது அது வேலை செய்தாக வேண்டும். அதனால் அக்குளில் ஒரு துண்டுச் சுருளை வைத்து, அதை நெருக்கிக்கொண்டே முன்கையை வெளியே திருப்பச் சொல்வேன். நெருக்கினால் தசை விழிக்கும், விழித்த தசையை அப்படியே புது வேலைக்கு இழுத்துவிடலாம். முதல் வாரங்களில் முகம் சுளிப்பார்கள், 'இது வராது சார்' என்பார்கள். ஓராண்டு வரை முன்னேற்றம் வந்துகொண்டே இருக்கும். நாலாவது மாதத்தில் அலுத்துப் போய் நிறுத்துகிறவர்கள்தான் எனக்குக் கவலை.

லாட்டிசிமஸுக்குப் பதிலாக, மேல்முதுகில் உள்ள டிரபீசியஸ் தசையின் கீழ்ப்பகுதியை மாற்றும் முறை இப்போது பரவி வருகிறது. வெளிப்புறத் திருப்பத்துக்கு அது நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் லாட்டிசிமஸ் அளவுக்கு நீண்ட கணக்கு இன்னும் சேரவில்லை. மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தாலோ, வயது எழுபதைத் தொட்டிருந்தாலோ, பந்தும் கிண்ணமும் இடம் மாறிய ரிவர்ஸ் செயற்கை மூட்டைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். 57 வயதில், அதுவும் உடலுழைப்பு உள்ளவருக்கு, அதை முடிந்தவரை தள்ளிப்போடவே பார்ப்பார்கள். மாற்று அறுவை செய்த தோளிலும் ஆண்டுகள் போகப் போகச் சிறிது தேய்மானம் கூடுகிறது. அப்படி முற்றினால் அப்போது ரிவர்ஸ் மூட்டுக்குப் போகும் வழி திறந்தேதான் இருக்கும்.