அவுட்போர்டு என்ஜினுக்கு எரிபொருள் ஏறவில்லையா? கேள்வி பதில்

ஃபைபர் படகுகளில் ஓடும், தனி டேங்க் வைத்த, கார்பரேட்டர் உள்ள 2 ஸ்ட்ரோக் என்ஜின்கள் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

அண்ணே, 9.9 எச்.பி. என்ஜின். கரையில நல்லா ஸ்டார்ட் ஆகுது. கடல்ல பத்து நிமிஷம் ஓடினா இழுவை குறைஞ்சு நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுது. கார்பரேட்டரைக் கழுவியும் மாறல.

தம்பி, கார்பரேட்டரைக் கழற்றும் முன் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பார்த்திருக்க வேண்டும். அது மூடியிருந்தால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் கூடி, வரத்து நின்றுவிடும். என்ஜின் நின்றபின் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

திருகு திறந்திருந்தும் நிற்கிறதா? நிற்கும் நேரத்திலேயே பிரைமர் பல்பை (ஹோஸில் உள்ள, கையால் அமுக்கும் ரப்பர் பல்பு) தொட்டுப் பாருங்கள். சப்பி ஒட்டியிருந்தால் அடைப்பு டேங்குக்கும் பல்புக்கும் நடுவில்தான். டேங்கினுள் உறிஞ்சுகுழாயின் சல்லடையை எடுத்துக் கழுவுங்கள். அதுவும் சுத்தமென்றால் ஹோஸை மாற்றுங்கள். பழைய ஹோஸின் உள்தோல் உரிந்து, உறிஞ்சும்போது மட்டும் கதவு போல மூடிக்கொள்ளும். ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாகப் போகும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பல்பை அமுக்கிக்கிட்டே இருந்தா ஓடுது, விட்டா திணறுது. எங்கயும் பெட்ரோல் ஒழுகல அண்ணே.

உங்கள் கை பம்பின் வேலையைச் செய்கிறது. ஆகவே ஒன்று ஃப்யூவல் பம்ப் தளர்ந்திருக்கிறது, அல்லது ஹோஸில் காற்று இழுக்கிறது. ஓடும்போது டேங்க் பக்கம் முழுக்க உறிஞ்சும் பக்கம். காற்று உள்ளே போகுமே தவிர பெட்ரோல் வெளியே வராது. ஒழுகாததால் கசிவில்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு சாண் மாட்டி ஓட்டுங்கள். குமிழி வரிசையாக வந்தால் கனெக்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கிளிப்புகள், பல்பின் இரு முனைகள் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஓ-ரிங் மலிவான பொருள், அதிலிருந்து தொடங்குங்கள்.

குமிழி இல்லையென்றால் பம்பைத் திறந்து டயாஃப்ரத்தை (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊசிமுனை ஓட்டை போதும். கிராங்க்கேஸின் (பிஸ்டனுக்குக் கீழுள்ள அறை) அழுத்தத் துடிப்பில்தான் அது அசைகிறது. கிழிந்தால் பெட்ரோல் அந்தத் துடிப்பு வழியாகவே கிராங்க்கேஸுக்குள் போகும். பம்ப் பொருத்திய சிலிண்டரின் பிளக் மட்டும் நனைந்திருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். டயாஃப்ரம், கேஸ்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வேகமா போனா சரி, மெதுவா விட்டா அணையுது.

ஸ்லோ ஜெட் அடைப்பு, அதாவது மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் கார்பரேட்டர் துளை. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெருத்துவிடும். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள்.

எவ்வளவு அமுக்கினாலும் பல்பு இறுகல, கார்பரேட்டர் வழியுது.

கார்பரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடில் மூடவில்லை. நீடிலின் நுனியில் தேய்ந்த வளையம் தெரிந்தால் மாற்றுங்கள். அமுக்கும்போது பல்பை நிமிர்த்தி, அதன்மேல் உள்ள அம்புக்குறி மேலே பார்க்கப் பிடிப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய் என்ஜின். காலையில எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகல.

நேற்று மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியிருப்பீர்கள். கார்பரேட்டர் கிண்ணத்தில் நிற்பது அதுதான், குளிர்ந்த என்ஜினில் அது ஆவியாகாது. இப்போது கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து வடித்துவிட்டுப் பெட்ரோல் ஏற்றுங்கள். இனி கரை சேர்வதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள்.

டேங்குல தண்ணி இருக்குமோன்னு சந்தேகம்.

அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் அந்தப் பெட்ரோல் வேண்டாம், புதியதோடு கலக்கவும் வேண்டாம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கும். உறிஞ்சுகுழாய் இருப்பதும் அடியில்தான். அந்த அடுக்கில் 2டி ஆயில் (பெட்ரோலோடு கலக்கும் 2 ஸ்ட்ரோக் ஆயில்) கலந்திருக்காது, பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும். தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்றைப் பொருத்துங்கள்.

நடுக்கடல்ல கோளாறு வந்தா பல்பை அமுக்கிக்கிட்டே கரைக்கு வரலாமா?

வரலாம், மெதுவாக. முழு வேகம் வைக்காதீர்கள். 20 லிட்டருக்கு 400 மி.லி. என்று நீங்கள் கலந்த ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடும் கூடும், ஆயிலும் குறையும். திணறல் கேட்டதும் த்ராட்டிலைக் குறைத்துவிடுங்கள்.