மூணு வேலையும் பாதியில நிக்குதா?
அண்ணாச்சி, நீங்க எழுத, கூட்டாளி வரைய, பூலித்தேவர் காமிக்ஸ், வாராவாரம் வரைஞ்சு குடுக்குற வாரப் படம், சிறுவர் கதை மூணும் பாதியில நிக்குன்னீங்க. நெருக்கடி மொத்தமும் அவரு கையிலதான். நீங்க ஒரு பக்கம் வசனம் எழுதுற நேரத்துல அவரு ஒரு கட்டத்துக்கு மை போட்டாலே பெருசு. அதனால புதுசா எழுதாதீங்க. ஸ்கேன், வசனக் குமிழ் வேலைய அவருகிட்ட இருந்து நீங்க வாங்கிக்கோங்க. குமிழ பென்சில்லயே போட்டுப் பாத்துரணும், தமிழ் வசனம் இடம் தின்னும். மை காஞ்சப்புறம் ஒட்டுனா வாள் புடிச்ச கை மறைஞ்சிரும்.

வாரப் படம் நாலு வாரத்துக்குக் கையிருப்பு சேரட்டும், அப்புறம் பூலித்தேவர். சிவகாசியில அச்சடிக்கிறதா இருந்தா 16 பக்கம் ஒரு ஃபாரம்னு (ஒரே தாள்ல அடிச்சு மடிக்கிற தொகுதி) கணக்கு வச்சு எழுதுங்க. 50 பக்கம்னா ரெண்ட வெட்டணும். சிறுவர் கதைக்கு யாரும் முன்பணம் தரலைல்லா? ஆனித் தேர் முடியட்டும், பாத்துக்கலாம்.