மண்ணும் காசும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

போன மாதம் மகளோடு ஃப்ளாரன்ஸ் போயிருந்தேன். பேராலயத்தின் குவிமாடத்தைக் காட்டி வழிகாட்டி ஒரு கதை சொன்னார். உள்ளே முழுக்க மண்ணைக் கொட்டி, நடுநடுவே காசு போட்டு, அந்த மேட்டின்மேல் மாடத்தைக் கட்டினார்களாம். முடிந்ததும் ஊர் ஜனங்களைக் கூப்பிட, காசுக்காக அவர்களே மண்ணை அள்ளிப் போய்விட்டார்களாம். உண்மையா? மூட்டுவலியால் நான் மேலே ஏறவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாதிக் கதை. வசாரி என்ற இத்தாலியர் 1550இல் வெளியிட்ட கலைஞர்கள் வரலாற்றில் இது வருகிறது. ஆனால் அங்கேயும், மாடத்தை எப்படிக் கட்டுவது என்று கூடிய கூட்டத்தில் யாரோ சொன்ன யோசனைதான், நடந்ததல்ல.

அந்த யோசனையைச் சிரித்து ஒதுக்க முடியாது. மாடம் கட்ட வழி கேட்டு 1418இல் போட்டி அறிவித்தபோது சுவர்கள் எழும்பிவிட்டன. மேலே சுமார் 45 மீட்டர் அகலத்தில் எண்கோணமாகத் திறந்து கிடந்தது. மாடம் தொடங்கும் இடமே 50 மீட்டருக்கு மேலே. அதற்கு சென்ட்ரிங் அடிக்க மரத்துக்கு எங்கே போவது? மரம் இல்லையென்றால் மண் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

சென்ட்ரிங்கே வேண்டாம் என்றவர் புரூனலெஸ்கி. தொழில் பழகியது பொற்கொல்லராக. பைத்தியம் என்று சபையிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்களாம். இதுவும் வசாரி சொல்வதுதான், கொஞ்சம் மசாலா இருக்கும்.

1420இல் தொடங்கி 1436இல் மூடினார்கள். தடித்த உள் ஓடு, மெல்லிய வெளி ஓடு, நடுவே படிகள். சுவர் உள்பக்கம் சாயச் சாய, சாந்து காய்வதற்குள் செங்கல் வழுக்கும். அதனால் சில கற்களைப் படுக்க வைத்து, நடுவே ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். அடுத்த வரிசையில் நிறுத்திய கல் சற்றுத் தள்ளி வரும். பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். இத்தாலியர்கள் வைத்த பெயரும் அதுதான். நிறுத்திய கல்லின் கால் காய்ந்து இறுகிய கீழ்வரிசையில் ஊன்றியிருக்கும். அப்படி இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிய படுக்கைக் கற்கள், அலமாரியில் இருபக்கமும் முட்டுக் கொடுத்த புத்தகங்கள்போல நகராது. ஒரு சுற்று மூடிவிட்டால் அது தன்னைத் தானே தாங்கும், அடுத்த சுற்றையும் தாங்கும். கட்டி முடித்த பகுதியே சென்ட்ரிங்! கீழ்ப்பகுதி வெளியே பிதுங்காமலிருக்க, பீப்பாய்க்கு வளையம் போடுவதுபோல, கல்லாலும் மரத்தாலும் சங்கிலிகளை உள்ளே புதைத்தார்கள்.

அப்புறம், பாரத்தை மேலே ஏற்ற அவர் செய்த எருதுப் பொறி. எருதுகள் ஒரே திசையில் சுற்றிவர, பாரம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். பூட்டவிழ்த்துத் திருப்ப வேண்டாம், பல்சக்கரத்தை மாற்றினால் போதும். என்னைக் கேட்டால் மாடத்தைவிட இதுதான் பெரிய அதிசயம்.

கீழே நின்று நீங்கள் அண்ணாந்து பார்த்தது செங்கலை அல்ல, அதை மூடியிருக்கும் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தை. 1572இல் அதை வரையத் தொடங்கியதும் இதே வசாரிதான்! மீன்முள் கட்டு தெரிய வேண்டுமென்றால் இரண்டு ஓடுகளுக்கும் நடுவே ஏற வேண்டும், உச்சிவரை 463 படி. மகள் ஏறியிருந்தால் அவருடைய போனில் படம் இருக்கும். வாங்கிப் பெரிதாக்கிப் பாருங்கள்.