பழைய சிட்டி விடெக் எஞ்சினை வீட்டிலேயே கட்டலாமா?

கேள்வி: என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. பின்னால் நீலப் புகை, பழைய இழுவையும் இல்லை. வீட்டுக் கொட்டகையில் எஞ்சினை இறக்கி நானே கட்டலாம் என்றிருக்கிறேன். அப்படியே ஹை கம்ப்ரஷன் பிஸ்டனும் பெரிய கேம் ஷாஃப்டும் போட்டு சக்தியைக் கூட்டலாமா? எதற்குச் செலவு செய்வது?
வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தாராளமாகக் கட்டலாம். 1493 சிசி, புதிதில் 106 குதிரைத்திறன் கொடுத்த அருமையான எஞ்சின் அது. ஆனால் ஒரு ஸ்பேனர் வாங்குவதற்கு முன்பே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது நிலுவையில் இருந்தாலோ, பிளாக்கில் உள்ள எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டாலோ, எஞ்சினுக்குப் போடும் பணம் முடங்கிப்போகும்.

அடுத்து கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கருவி) ஒன்று வாங்குங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜைப் பொருத்தி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். பிறகு ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கின்றன. ஏறவில்லை என்றால் வால்வு பக்கம் சந்தேகப்படுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் மட்டும்தான் புகை வருகிறதா? பெரும்பாலும் வால்வு சீல்தான். அதற்கு எஞ்சினை இறக்கவே வேண்டாம். இந்தச் சோதனையைச் செய்யாமலேயே பலர் எஞ்சினை இறக்கச் செயின் பிளாக்கைக் கட்டிவிடுகிறார்கள், அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இழுவைக் குறைவுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். விடெக் என்பது மேல் ஆர்.பி.எம்.மில் வால்வுகளை அதிகம் திறக்கவைக்கும் ஹோண்டா அமைப்பு. அது ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. அதன் சோலனாய்டுக்கு அடியில் உள்ள சின்ன வலை ஃபில்டர் அடைத்திருந்தாலே மேல் ஆர்.பி.எம்.மில் வண்டி சோர்ந்துவிடும். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

ரிங்தான் போயிருக்கிறது என்றால், செலவின் பெரும்பகுதி லேத் பட்டறைக்குப் போகட்டும். இங்கே ஒரு வரிசை முக்கியம். ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைப் பட்டறையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ப சிலிண்டரைக் கடைந்து போர் போடச் சொல்லுங்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். நம் டெல்டா பட்டறைகளில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் தினமும் பார்ப்பது டிராக்டரும் டீசல் பம்புசெட்டும். பெட்ரோல் எஞ்சினுக்கு என்ன இடைவெளி, என்ன ஹோனிங் (சிலிண்டர் சுவரில் நுண்ணிய கோடுகள் விழக் கல்லால் தேய்ப்பது) என்பதை சர்வீஸ் புத்தகத்தின் பக்கத்தையே காட்டிப் பேசுங்கள். போட்டு முடித்த அளவை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பில்லில் எழுதி வாங்குங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை வண்டிகள் வரிசையில் நிற்கும். அவசர வேலைதான் கிடைக்கும். பங்குனி, சித்திரையில் கொடுங்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பிஸ்டன் செட்டில் போலிகள் கலந்திருக்கின்றன. வந்ததும் நாலு பிஸ்டனையும் டிஜிட்டல் தராசில் வையுங்கள். நகைக்கடைக்காரர் தெரிந்தவரானால் அவர் தராசு இன்னும் நல்லது. எடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் பெட்டியைப் பத்திரமாக மூடித் திருப்பி அனுப்புங்கள்.

போர் போட்டு வந்த பிளாக்கை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவினால் போதாது. ஹோனிங் தூள் சுவரின் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தால் முதலில் சாம்பல் நிறமாக வரும். துணி வெள்ளையாகவே திரும்பும் வரை விடாதீர்கள். கழுவியதும் உடனே ஆயில் தடவுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரே இரவில் துரு பிடித்துவிடும்.

டைமிங் பெல்ட்டோடு டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பம்பைச் சுற்றுவதே அந்த பெல்ட்தான். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும். இந்த எஞ்சின் வழக்கத்துக்கு மாறாக எதிர்த் திசையில் சுற்றும் என்பதை டைமிங் வைக்கும்போது மறக்காதீர்கள். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட் போல்ட்டைத் தொடவே வேண்டாம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அதனால் பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள்.

சரி, சக்தி கூட்டுவது? ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் வேண்டாம். சாதாரண பெட்ரோலில், நம் ஊர் வெயிலில் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டுவது) வரும். பெரிய கேம் போட்டால் வால்வு ஸ்பிரிங்கும் ஈ.சி.யு. (எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி) ட்யூனிங்கும் சேர்ந்தே வேண்டும். அந்தப் பணத்தில் வால்வு சீட்டை நன்றாகக் கிரைண்ட் செய்து, ஹெட்டைச் சமன் பார்த்து, புது பேரிங் போடுங்கள். தொலைந்த குதிரைகளில் பெரும்பாலானவை அதிலேயே திரும்பிவிடும். வேறு எஞ்சினை மாற்றிப் பொருத்தும் எண்ணம் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

கேள்வி: சிலிண்டர் ஹெட்டைப் பட்டறையில் ஃபேசிங் (அடிப்பரப்பைச் சமமாகக் கடைவது) செய்து வாங்கி நானே பொருத்தினேன். ஒரே வாரத்தில் கேஸ்கட் வழியே தண்ணீர் கசிகிறது. “நீங்கள் மாட்டியது சரியில்லை” என்கிறார்கள். பில்லும் தரவில்லை.
வாசகர், மன்னார்குடி

பதில்: அவசரப்பட்டு வேறு இடத்தில் மறுபடி ஃபேசிங் செய்துவிடாதீர்கள், ஆதாரம் போய்விடும். ஹெட்டின் மேல் நேர்விளிம்புக் கம்பியை வைத்து ஃபீலர் கேஜால் அளந்து படம் எடுங்கள். இன்னொரு பட்டறையிலும் அளந்து எழுதி வாங்குங்கள். நீங்களே பொருத்தியதால் வாதம் அங்கேதான் வரும், அதனால் எந்த டார்க்கில், எந்த வரிசையில் முறுக்கினீர்கள் என்பதை இப்போதே குறித்து வையுங்கள்.

பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு உங்களுக்குக் கைகொடுக்கும். முதலில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். நடக்கவில்லை என்றால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.